பாபின் நூல்: சுற்றியதை வாங்குவதா, நாமே சுற்றுவதா?

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். பவர் மிஷின் ஒன்று இருக்கிறது. சென்ற தீபாவளிக்கு, வீட்டு உபயோகத்துக்கான கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் ஒன்றும் வாங்கினேன். அடி நூலுக்கான சிறு உருளையான பாபினைச் சுற்றுவதிலேயே நேரம் போகிறதே என்று, நூல் சுற்றியே வரும் வெள்ளைப் பாபின்கள் 144 கொண்ட பெட்டி ஒன்றை மொத்தக் கடையில் வாங்கினேன். எம்பிராய்டரி மிஷினில் அவற்றைப் போட்டால் பூவேலையின் மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. சில இடங்களில் அடியில் நூல் கொத்தாகச் சிக்குகிறது. நானே சுற்றிய பாபினில் இந்தத் தொல்லை இல்லை. சுற்றி வரும் பாபினே தரமற்றதா? தையலுக்கும் எம்பிராய்டரிக்கும் எதைப் பயன்படுத்தலாம்?

பதில்: சகோதரி, அந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பாபினின் தரத்தை விட அதன் அளவின் மீதுதான் எனக்குச் சந்தேகம். முதலில் ஒரு ஸ்கேலை எடுங்கள். உங்கள் எம்பிராய்டரி மிஷினோடு வந்த பிளாஸ்டிக் பாபின் ஒன்றையும், பெட்டியிலிருந்து ஒன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து உயரத்தை அளந்து பாருங்கள்.

வீட்டு மிஷின்களில் பெரும்பாலானவை கிளாஸ் 15 என்ற அளவுப் பாபினைக் கேட்பவை. அதன் விட்டம் சுமார் 20 மில்லிமீட்டர், உயரம் பதினொன்றரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். பல ஊசிகள் கொண்ட பெரிய வணிக எம்பிராய்டரி மிஷின்கள் கேட்பது எல் அளவு. அதன் விட்டமும் ஏறக்குறைய அதே 20 மில்லிமீட்டர்தான். ஆனால் உயரம் 9 மில்லிமீட்டர் அளவே இருக்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஏமாறுவது அங்கேதான். மொத்தக் கடைகளில் 144 எண்ணிக்கைப் பெட்டியாக அதிகம் விற்பது பெரிய மிஷின்காரர்களுக்கான எல் அளவு. இவை தவிர எம் என்று 25 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒன்று உண்டு. அது பெரிதாக இருப்பதால் யாரும் மாற்றிப் போட்டுவிட முடியாது.

உயரத்தில் இரண்டரை மில்லிமீட்டர் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். தையல் விழும் விதத்தை நினைத்துப் பாருங்கள். ஊசி கீழே இறங்கி மேலேறத் தொடங்கும்போது மேல் நூல் ஒரு சிறு வளையமாக விரிகிறது. ஊசிக்கு அடியில் இருக்கும் ஷட்டிலின் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் உட்காரும் கூடான பாபின் பெட்டி முழுவதையும் சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது. ஒவ்வொரு தையலுக்கும் இப்படி ஒரு முறை. நிமிடத்துக்கு 600, 700 தையல் ஓடும்போது அந்த வளையம் 600, 700 முறை பாபினைச் சுற்றி வழுக்கிப் போக வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் பாபின் தன் இடத்தில் ஆடாமல் உட்கார்ந்து, கேட்கும்போது கேட்கும் அளவு நூலை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும். உயரம் குறைந்த பாபின், அந்தப் பெட்டிக்குள் மேலும் கீழும் குதிக்கும். ஒரு கணம் நூலை அளவுக்கு மேல் விடும். மறுகணம் பிடித்து இழுக்கும். அதிகம் விட்ட இடத்தில் வெள்ளை நூல் துணியின் மேலே புள்ளியாக எழும்பும். குதித்த பாபினில் மேல் நூலின் வளையம் மாட்டிக்கொண்டால் அடியில் கொத்துச் சேரும். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளுக்கும் இது ஒன்றே காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அளந்து பார்த்து உயரம் சரியாகவே இருந்தால், அடுத்து பாபின் சுழலும் திசையைப் பாருங்கள். மேலிருந்து போடும் வகை மிஷின்களில், பாபினை வைத்து நூலைப் பிடித்து இழுத்தால் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல வேண்டும். நாமே சுற்றும் பாபினை ஒரே பழக்கத்தில் சரியாக வைத்துவிடுகிறோம். வாங்கிய பாபினின் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் தலைகீழாக வைத்துவிடுவது எளிது. பவர் மிஷினைப் போலப் பெட்டிக்குள் போட்டு மாட்டும் வகைக்குத் திசை வேறு; மிஷினோடு வந்த கையேட்டில் படம் இருக்கும், அதைப் பின்பற்றுங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கீழ் நூல் அந்தத் துணியில் வெளியே தெரிகிறதா, பாரம் தாங்குகிறதா என்று கேளுங்கள். தையலில் கீழ் நூல் சரிபாதி வேலையைச் செய்கிறது. பிளவுஸின் பக்கத் தையலை விரித்து இழுத்தால் மேல் நூலும் கீழ் நூலும் சேர்ந்துதான் அந்த இழுப்பைத் தாங்குகின்றன. ஒன்று மெலிதாக இருந்தால் அது அறும், தையல் முழுவதும் விட்டுவிடும். அதோடு, தைத்த பிளவுஸை வாடிக்கையாளர் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். மாம்பழ மஞ்சள் துணிக்குள் வெள்ளைத் தையல் ஓடினால் வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பார்வைக்கு எடுபடாது. ஆகவே தையலுக்கு நீங்களே சுற்றுங்கள். மேலே எந்த நூலோ கீழேயும் அதே நூல், அதே நிறம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. சுற்றியே வரும் பாபின்கள் பெரும்பாலும் வெள்ளையிலும் கறுப்பிலும்தான் தாராளமாகக் கிடைக்கும். எம்பிராய்டரிக்கென்று மெலிந்த நூலில் சுற்றப்பட்ட அவை பிளவுஸின் பக்கத் தையலுக்கு உகந்தவை அல்ல.

பவர் மிஷினில் நேரமும் வீணாகாது. மிஷினிலேயே பாபின் சுற்றும் பகுதி இருக்கிறது. காலிப் பாபினை அதில் செருகி, இன்னொரு கண்டிலிருந்து நூலைக் கொடுத்துவிட்டால், நீங்கள் ஒரு பிளவுஸைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாபின் நிறைந்துவிடும். அந்த நிறத்தில் ஒரே கண்டுதான் இருக்கிறது என்றால் முதலிலேயே அரைப் பாபின் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு பிளவுஸுக்கு அதுவே மிகுதி.

எம்பிராய்டரியின் கதை வேறு. அங்கே கீழ் நூல் பாரம் தாங்குவதில்லை; மேல் நூலைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. பின்னால் லைனிங் வந்து அதை மறைத்துவிடும். மேல் நூல் வழக்கமாக 40 எண் பாலியெஸ்டர் அல்லது ரேயான். கீழே 60 எண் மெல்லிய பாலியெஸ்டர். எண் கூடக் கூட நூல் மெலியும். மெலிந்த நூல் அடியில் இருந்தால் பூவேலை தடித்து விறைக்காது. துணியோடு படிந்து நிற்கும். இங்கே சுற்றி வரும் பாபின் உண்மையிலேயே உதவும். ஆலையில் ஒரே இழுவிசையில் சுற்றப்படுவதால் முதல் மீட்டரும் கடைசி மீட்டரும் ஒரே மாதிரி வெளியேறும். பாபினை நடுவேலையில் மாற்றும் தொல்லையும் குறையும்.

எவ்வளவு குறையும்? கிளாஸ் 15 பாபினில் சாதாரணத் தையல் நூலைச் சுற்றினால் 50, 60 மீட்டர்தான் கொள்ளும். 60 எண் நூல் சுற்றி வருவதில் 100 மீட்டருக்கு மேல் இருக்கும். ஆயிரம் தையலுக்குக் கீழ் நூல் சுமார் மூன்றரை மீட்டர் என்று நான் கணக்குப் போடுகிறேன். வடிவத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். 40,000 தையல் கொண்ட பின்கழுத்து வேலை ஒன்றுக்குத் தையல் நூல் பாபின் என்றால் நடுவில் இரண்டு முறை நிறுத்தி மாற்ற வேண்டும். 60 எண் பாபின் என்றால் ஒரு முறை. முகூர்த்த மாதத்தில் ஒரு நாளைக்கு நான்கு பிளவுஸ் ஓடினால் இது சின்ன வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பத்துப் பதினைந்து தையல் பின்னே போய்த் தொடங்க வேண்டும். பட்டில் அந்தத் தடம் தெரியாமல் இருப்பதற்கே தனிக் கவனம் வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த லாபத்தில் பெரும்பகுதி நூல் மெலிந்திருப்பதால் வருவது. 60 எண் பாபின் நூலைக் கோனாக வாங்கி, மிஷினோடு வந்த பாபினிலேயே நீங்கள் சுற்றினாலும் ஆலைப் பாபினுக்கு நெருக்கமாக வந்துவிடலாம். தொடங்கும் நிலையில் இருக்கும் ஒருவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். அளவுக் குழப்பம் வராது, செலவும் குறைவு. வாரத்துக்கு ஒன்றிரண்டு வேலை என்றால் இதுவே போதும். ஆர்டர் பெருகி, பாபின் சுற்றுவதற்காக எம்பிராய்டரி மிஷினை நிறுத்த வேண்டிய நிலை வரும்போது கிளாஸ் 15 அளவில் சுற்றியதை வாங்குங்கள். தனியாக வைத்துச் சுற்றும் சிறிய மோட்டார் கருவியும் கிடைக்கிறது; அது இருந்தால் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் சுற்றிக்கொள்ளலாம்.

எம்பிராய்டரியிலும் நீங்களே நிறம் பார்த்துச் சுற்ற வேண்டிய இடங்கள் உண்டு. லைனிங் இல்லாத நெட் அல்லது ஆர்கன்சா கையில் அடி நூல் அப்படியே தெரியும். சேலை முந்தானை, துப்பட்டா, கைக்குட்டை இவற்றுக்கு இரண்டு பக்கமும் முகம்தான். துணியே இல்லாமல் நூலாலேயே உருவாகும் லேஸ் வேலைக்கும் மேலும் கீழும் ஒரே நூல் வேண்டும். அடர்ந்த கறுப்பு, கருநீலம், அரக்குத் துணிகளுக்கு வெள்ளைக்குப் பதில் கறுப்புப் பாபின் போட்டுவிட்டால் பாதிக் கவலை தீரும்.

சுற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாமே சுற்றும் பாபினைக் குறை சொல்கிறவர்கள் பலர் உண்மையில் சரியாகச் சுற்றாத பாபினைத்தான் குறை சொல்கிறார்கள். என் அப்பா மதுரை புது மண்டபத்தில், கல்தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டுத் தைத்தவர். பள்ளி விட்டு வந்ததும் பாபின் சுற்றுவது என் வேலை. சுற்றியதை வாங்கிக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். நகம் பதிந்தால் முழு நூலையும் உருவிவிட்டு மறுபடி சுற்றச் சொல்வார். கொட்டைப்பாக்கைப் போல இறுகியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இன்றும் என் மாணவிகளுக்கு நான் இந்த நகச் சோதனையைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

பஞ்சுபோல் மெத்தென்று இருந்தால், சுற்றும்போது நூல் இழுவிசைத் தட்டுகளுக்கு இடையில் போகவில்லை என்று பொருள். மிஷினின் மேல்பகுதியில் இரண்டு சிறு தட்டுகள் ஒட்டியிருக்கும். நூலை அவற்றின் நடுவே நன்றாக இழுத்து உட்கார்த்திய பிறகே சுற்ற வேண்டும். ஒரு பக்கம் புடைத்துக் கூம்புபோல் வந்தால் அந்தத் தட்டின் உயரம் பாபினின் நடுவுக்கு நேராக இல்லை. அதன் திருகைத் தளர்த்தி ஏற்றியோ இறக்கியோ வையுங்கள்.

வேகம் மிக முக்கியம். பாலியெஸ்டர் நூல் இழுத்தால் நீளும். முழு வேகத்தில் சுற்றும்போது அது நீண்ட நிலையிலேயே பாபினில் அடங்கிவிடுகிறது. துணியில் தைத்து முடித்த பிறகு மெல்லப் பழைய நீளத்துக்குத் திரும்பும். அப்போது துணியையும் சேர்த்துச் சுருக்கும். மெல்லிய பட்டு பிளவுஸைத் தைத்து இஸ்திரி போட்டு மாட்டியிருப்போம். மறுநாள் பார்த்தால் பக்கத் தையல் சுருங்கி நிற்கும். துணியின் மேல் பழி போடுவோம், ஊசியை மாற்றுவோம். பல நேரம் குற்றம் பாபினைச் சுற்றிய வேகத்தில் இருக்கும். பாதி வேகத்தில், சீராக மிதித்துச் சுற்றுங்கள். இறுக்கம் இழுவிசைத் தட்டு கொடுப்பதாக இருக்கட்டும். வேகம் கொடுப்பதாக இருக்கக் கூடாது.

விளிம்புவரை நிரப்பாதீர்கள், ஐந்தில் நான்கு பங்கு போதும். வழிய நிரப்பிய பாபின் பெட்டிக்குள் உரசும். பழைய நூலின் மேல் புதிய நிறத்தைச் சுற்றும் வழக்கமும் வேண்டாம். அடியில் இருக்கும் தளர்ந்த நூல் மேலே இருப்பதையும் சேர்த்து அசைத்துவிடும். தொடக்கத்தில் துளை வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாலை ஒட்ட நறுக்கிவிடுங்கள். விளிம்பில் சிராய்ப்பு விழுந்த பாபின் இருந்தால் இரக்கம் பார்க்காமல் கழித்துவிடுங்கள். விரலால் தடவினாலே தெரியும்.

கடைக்குப் போய்ச் சுற்றிய பாபின் கேட்டால் பல வகைகளைக் காட்டுவார்கள். பக்கத் தட்டு இல்லாமல் நூல் மட்டுமே உருளையாக நிற்பது ஒன்று. தட்டு அடைக்கும் இடமும் நூலுக்கே கிடைப்பதால் இதில் நீளம் சற்று அதிகம். அட்டைத் தட்டு வைத்தது இன்னொன்று. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் அட்டை வளையும், மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். நடுவில் காந்தம் வைத்ததும் உண்டு. உலோகப் பாபின் பெட்டியில் அது தன்னைப் பிடித்துக்கொள்வதால், மிஷின் சட்டென்று நிற்கும்போது பாபின் தாறுமாறாகச் சுழலாது. அது பெரிய வணிக மிஷின்காரர்களுக்குப் பயன்படும். உங்கள் வீட்டு மிஷினுக்கு நான் சொல்வது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தட்டு வைத்த கிளாஸ் 15. சில வீட்டு மிஷின்களில் கீழ் நூல் தீரப்போவதை ஓர் ஒளிக்கண் பார்த்துச் சொல்லும். அது பார்ப்பது பாபினின் தட்டு வழியாகத்தான். அட்டையோ நிறம் போட்ட பிளாஸ்டிக்கோ இருந்தால் அந்தக் கண் ஏமாறும். உங்கள் மிஷினின் கையேடு குறிப்பிட்ட பாபினை மட்டுமே போடச் சொல்லியிருந்தால், உத்தரவாதக் காலம் முடியும்வரை அதை மீற வேண்டாம்.

பாபினை மாற்றியதும் இழுவிசை மாறும் என்பதையும் எதிர்பாருங்கள். நீங்கள் இதுவரை தையல் நூலைக் கீழே போட்டு ஓட்டியிருந்தால், பாபின் பெட்டியின் தகடு அந்தத் தடிமனுக்குப் பழகியிருக்கும். மெல்லிய 60 எண் நூல் அதற்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். சோதனைத் துணியில் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலத்துக்கு நேரான பட்டை ஒன்றை, அழுத்தமான நிற மேல் நூலில் ஓட்டிப் பாருங்கள். திருப்பிப் பார்த்தால் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையும், இரு ஓரங்களிலும் மேல் நூலின் நிறமும் தெரிய வேண்டும். வெள்ளை அகலமாகப் பரவியிருந்தால் மேல் நூல் இறுக்கம் கூடுதல், அல்லது கீழ் நூல் தளர்வு. வெள்ளையே தெரியவில்லை என்றால் அதற்கு நேர்மாறு. முதலில் மேல் நூலைச் சரிசெய்யுங்கள். அதிலும் அடங்காவிட்டால்தான் பாபின் பெட்டியின் திருகைத் தொட வேண்டும். ஒரு முறைக்கு அரைக்கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகைத் தொடும் முன், தகட்டுக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டின் முனையை நுழைத்து இழுங்கள். அங்கே சிக்கியிருக்கும் ஒரு துளிப் பஞ்சு போதும், எல்லாவற்றையும் குழப்பிவிட.

இன்னொரு செலவையும் தயங்காமல் செய்யச் சொல்வேன். எம்பிராய்டரி மிஷினுக்கு இரண்டாவது பாபின் பெட்டி ஒன்றை வாங்கி, 60 எண் நூலுக்கென்று சரிசெய்து, அதில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். லேஸுக்கும் முந்தானைக்கும் தடித்த நூல் போடும்போது மற்றப் பெட்டி. ஒவ்வொரு தடவையும் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தால் எது சரியான நிலை என்பதே மறந்துபோகும்.

நீங்கள் வாங்கிவைத்த 144 பாபின்கள் எல் அளவுதான் என்று தெரிந்தால், கடைக்காரர் திறந்த பெட்டியைத் திரும்ப வாங்க மாட்டார். ஊரில் பல ஊசி மிஷின் ஓட்டுகிறவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டாலும் அந்த நூல் நல்ல 60 எண் நூல்தான். ஒரு பாபினை, நூல்கண்டு மாட்டும் கம்பியில் நிமிர்த்திச் செருகி, அதிலிருந்து உங்கள் கிளாஸ் 15 பாபினுக்கு மெதுவாக மாற்றிச் சுற்றிக்கொள்ளுங்கள். எல் பாபின் சிறியது. அதன் நூல் ஏறக்குறைய முழுவதும் உங்கள் பாபினில் அடங்கிவிடும். பக்கத் தட்டு இல்லாத வகை என்றால் கடைசிச் சில மீட்டர்கள் சரிந்து சிக்கும், அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். முதலில் ஒன்றை மட்டும் இப்படிச் சுற்றி, அந்தப் பட்டைச் சோதனையை ஓட்டிப் பாருங்கள்.